சென்னியப்பனுக்கு ஒரு வாசல்

சென்னியப்பன் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதத்தில் தனக்கு ஒரு போன்கூட வரவில்லை என்பதுதான் அவருடைய குறை.

இறந்துபோனது பற்றி அவருக்கு அவ்வளவாக வருத்தமில்லை. உயிரோடு இருந்தபோதே ‘மறுவீடு’ என்கிற நிறுவனத்தில் பதிந்து வைத்திருந்தார். காரியங்கள் முடிந்த மறுவாரம் அவர்கள் வந்து, சரவணம்பட்டியில் இரண்டாவது மாடி வீட்டின் ஹால் அலமாரியில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெட்டி ஒரு கணினி. அதற்குள் மெய்நிகராக இன்னொரு கணினி. அதற்குள் சென்னியப்பனின் பிரதி. நினைவு, பேச்சு, கோபம் எல்லாம் அசலில் இருந்தபடியே இருந்தன. குணமும் அப்படியே இருந்ததுதான் அவர் மனைவி துளசிமணிக்குச் சங்கடம்.

சென்னியப்பன் முப்பத்துநாலு வருடம் மோட்டார் பம்புசெட் கம்பெனியில் ஃபோர்மேன். அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கத்தில் கிணற்று மோட்டார் மக்கர் செய்தால் விவசாயிகள் நேராக அவரைத்தான் கூப்பிடுவார்கள். போனை மோட்டாரிடம் காட்டச் சொல்லி, சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். அவர் போன் அடிக்காத நேரம் அந்த வீட்டில் இருந்ததில்லை.

இப்போது அவரால் வெளியே கூப்பிட முடியும். ஆனால் பிரதி ஒன்று கூப்பிட்டால் எதிர்முனைத் திரையில் ‘மறைந்தவர் அழைக்கிறார்’ என்று வரவேண்டும் என்பது சட்டம். அதைப் பார்த்ததும் சொந்தபந்தம், ஒரம்பரை முழுக்க போனைக் கவிழ்த்துப் போட்டுவிடும். காங்கயத்திலிருக்கும் மச்சினன் ஒருவன் மட்டும் ஒருமுறை தவறுதலாக எடுத்துவிட்டான்.

“மாமா, டவர் இல்லீங்க. நீங்க பேசறது எனக்கு ஒண்ணுமே கேக்கல” என்று கணீரென்று சொன்னவன், பழக்க தோஷத்தில், “அப்பறம், ஒடம்பெல்லாம் சௌக்கியங்களா?” என்று கேட்டுவிட்டுத் திடுக்கிட்டு வைத்துவிட்டான்.

துளசிமணி காலையில் மைதானத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பத்து மணிக்கு வீடு திரும்பிக் கதவைத் திறந்தால் அலமாரி ஆரம்பித்துவிடும். யாரு வந்தா, ஏன் லேட்டு, கீழ்வீட்டில் என்ன சத்தம், எனக்கு யாராச்சும் கூப்பிட்டாங்களா? அவர் சமையலறைக்குப் போனால் ஸ்பீக்கரின் சத்தம் கூடும். குளியலறைக்குப் போனால் இன்னும் கூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துளசிமணி தரைத்தளத்துக்கு இறங்கிப்போய் பர்ஹானாவைக் கையோடு கூட்டிவந்தார். பர்ஹானா இன்டர்நெட் இணைப்பு தரும் நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க் பொறியாளர்.

“கண்ணு, இந்த மனுசனுக்கு நாலு போன் வர்ற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடு. இல்லீன்னா நானும் அந்தப் பெட்டிக்குள்ள போயிருவேன்.”

பர்ஹானா பெட்டியை அரை மணி நேரம் ஆராய்ந்தாள்.

“அண்ணா, உங்க பிரச்சினை என்னன்னா, நீங்க ரொம்ப உள்ள இருக்கறீங்க.”

“அலமாரிலதான அம்மிணி இருக்கறேன்?”

“அதில்லீங்ணா. நம்ம அப்பார்ட்மென்ட்டையே எடுத்துக்கங்க. வெளிய இருந்து பார்த்தா எல்லாருக்கும் ஒரே அட்ரஸ்தான். நீங்க உள்ள இருந்து ஒருத்தருக்கு லெட்டர் அனுப்பினா வாட்ச்மேன் நோட்டுல எழுதி வெச்சுக்குவாரு. பதில் வந்தா, இது ரெண்டாவது மாடிக்காரரு கேட்டதுன்னு கொண்டாந்து குடுத்துருவாரு. ஆனா நீங்க கேக்காம, தானா ஒருத்தர் வந்து சென்னியப்பனைப் பார்க்கணும்னு நின்னா? அப்படி ஒரு ஆள் இங்க இருக்கறதே அவருக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிச்சிருவாரு. இதுக்கு நாட்னு பேரு.”

“அந்த வாட்ச்மேன்கிட்டச் சொல்லி வெச்சாத் தீந்துது.”

“ஒருத்தரா இருந்தாப் பரவால்லயே. உங்களுக்கு மூணு பேரு. கணினிக்குள்ள கணினியா இருக்கறீங்கல்ல, அந்தப் பெட்டிலயே ஒருத்தர். வீட்டு ரௌட்டர்ல ஒருத்தர். இந்த ரெண்டு பேரையும் நான் சரிக்கட்டிருவேன். மூணாவது ஆளு எங்க ஆபீஸ்ல இருக்கறாரு. ஒரே அட்ரஸை எண்ணூறு வீட்டுக்குப் பகிர்ந்து குடுத்திருக்கறோம். அங்க கை வெச்சா என் வேலை போயிரும்.”

 “அப்ப வழியே இல்லியா?” என்று கேட்டபோது அலமாரியின் குரல் இறங்கியிருந்தது.

பர்ஹானா தலையைச் சொறிந்தாள். “நீங்க வெளிய கூப்பிடலாமில்லீங்ணா? கூப்பிட்டுட்டு, வெக்காமயே இருந்தீங்கன்னா? ஊருக்கு நடுவுல சொந்த அட்ரஸோட ஒரு சின்ன மிஷினை நான் புடிச்சுத் தர்றேன். நீங்க அதைக் கூப்பிட்டு லைனைப் புடிச்சுட்டே இருங்க. மூணு வாட்ச்மேனும், அவரு யார்கிட்டயோ பேசிட்டிருக்கறாருன்னு நினைச்சுக்குவாங்க. அந்த மிஷினைத் தேடி யார் வந்தாலும், நீங்க புடிச்சிருக்கற அதே லைன் வழியா உள்ள வந்துருவாங்க.”

“போனை வெக்காம இருக்கறதா? அது அவருக்குக் கைவந்த கலை” என்றார் துளசிமணி.

பர்ஹானா மட்டும் சற்றுத் தயங்கினாள். “மறுவீடு பேப்பர்ல, வெளியிலிருந்து யாரும் உள்ள வர்ற மாதிரி வெக்கக்கூடாதுன்னு போட்டிருக்குதுங்ணா. ஏன்னு போடல. யாராச்சும் உங்ககிட்ட வேலை வாங்கிருவாங்கன்னு பயமோ என்னமோ.”

“வாங்கட்டுமே! அதுக்குத்தான கெடந்து தவிக்கறேன்!”

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. பாதியைத் துளசிமணியே தட்டச்சு செய்தார். இன்னொருவர் ஓட்டுவதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் ஓட்ட வராது என்று தினமும் மாணவிகளிடம் சொல்கிறவர் அவர். அதனால் பர்ஹானாவை எழுப்பிவிட்டு நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார்.

விவசாயிகளின் வாட்ஸாப் குழுவில் அந்த மிஷினின் புது எண் போன அன்றே முதல் அழைப்பு வந்தது. அன்னூர்க்காரர் ஒருவர்.

“மோட்டார் ஓடுதுங்க, தண்ணி வரமாட்டீங்குது.”

“போனைக் கிட்டக்கொண்டு போங்க... இன்னுங் கொஞ்சம்... போதும். குழாய்க்கு அடியில இருக்கற புட்வால்ல காத்து வாங்குதுங்க. கழட்டிப் பாருங்க, வாஷர் தேஞ்சிருக்கும்.”

தேய்ந்துதான் இருந்தது. புது வாஷர் போட்டுத் தண்ணீர் விழ ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

“ஏனுங்க, நீங்க தவறிட்டீங்கன்னு சொன்னாங்களே?”

“ஆமாங்க. அது நெசந்தானுங்க.”

“சரிங்க. பொழுதோட இன்னொருக்கா கூப்பிடறேன், வடக்கால தோட்டத்து மோட்டாரும் ஒரு மாதிரி இழுக்குது.”

சென்னியப்பன் செத்துப்போயிருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. சொல்லப்போனால் அது வசதியாகவே இருந்தது. சாப்பிடப் போகமாட்டார், தூங்கமாட்டார், கோவிலுக்குப் போயிருக்கிறார் என்று பதில் வராது. ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு. துளசிமணி வீடு திரும்பினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. நிம்மதியாகக் காபி குடித்தார்.

மூன்றாவது வாரம் திருமூர்த்தி வந்தான். சென்னியப்பனிடம் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, அன்னூர் ரோட்டில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவன். உட்காரச் சொல்லியும் உட்காராமல் அலமாரிக்கு முன்னால் நின்றான்.

“ஏனுங்கண்ணா, செத்தும் எங்களை விடமாட்டீங்களா?”

“என்னடா திருமூர்த்தி?”

“பத்து நாளா என் பட்டறைக்கு ஒரு சனம் வரல. எல்லாம் உங்களைத்தான் கூப்பிடறாங்க. நான் சோறு திங்கறவன். பொழுதுக்கும் வேலை செஞ்சா இடுப்பு வலிக்குது, படுத்தாத் தூக்கம் வருது. உங்களுக்கு அதெல்லாம் இல்ல. உங்ககூட நான் எப்படிங்கண்ணா போட்டி போடறது?” அவன் அலமாரியை ஒரு எட்டு நெருங்கினான். “நீங்க உசுரோட இருந்தப்ப உங்களை மிஞ்சோணும்னு நெனச்சதுண்டு. இப்ப அதுக்கும் வழியில்லாமப் போச்சு.”

அவன் போனபின் சென்னியப்பன் அன்று முழுவதும் எந்த அழைப்பையும் எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே பதில்தான். “திருமூர்த்தியைக் கூப்பிடுங்க. நல்ல வேலைக்காரன். நான் செத்துப் போயிட்டேனுங்க.”

ஒரு வாரத்தில் அழைப்புகள் நின்றுபோயின. வாசல் திறந்தே கிடந்தது. வரத்தான் ஆளில்லை.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம் மணி அடித்தது.

“வணக்கம். அழைப்பது லூர்துசாமி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருப்பூர். காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது.”

“மோட்டாருக்குங்களா?”

“இல்லை ஐயா, என்னிடம் மோட்டார் கிடையாது. மருமகன் இருக்கும் விவசாயக் குழுவில் தங்கள் எண்ணைப் பார்த்தேன். யாராவது எடுக்கிறார்களா என்று பார்க்கவே அழைத்தேன். எடுத்துவிட்டீர்கள். மிக்க நன்றி.”

நன்றி சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.  “அட, உக்காருங்க சார்” என்றார் சென்னியப்பன். உட்காருவதற்கு இரண்டு பேருக்குமே ஒன்றும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

லூர்துசாமியின் பெட்டி திருப்பூரில் அவருடைய பழைய வீட்டில் இருந்தது. மகள் ஜெசிந்தாவுக்குப் பீளமேட்டில் கல்லூரி வேலை. அப்பாவின் பிரதி அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால், மின் இணைப்பை மட்டும் விட்டுவைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். தினமும் நாலு முறை மகளைக் கூப்பிடுவார். அவள் எடுப்பதில்லை.

“நம்ம மாதிரி ஆளுக ஊருக்குள்ள நெறையப் பேரு இருப்பாங்களே சார். நாம ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கலாமில்ல?”

“முடியாதே ஐயா. எல்லோருக்கும் வெளியே போக வழி உண்டு, உள்ளே வர வழி இல்லை. நான் உங்கள் கதவைத் தட்டினால் உங்கள் காவலாளி துரத்துவார். நீங்கள் என் கதவைத் தட்டினால் என் காவலாளி துரத்துவார். நாம் இருவரும் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான். யாராவது ஒருவர் வாசலைத் திறந்து வைத்தால்தான் மற்றவர்கள் வந்து கூட முடியும். நான் அறிந்தவரை, திறந்திருக்கும் முதல் வாசல் உங்களுடையது.”

அவர் சொன்னது முற்றிலும் சரி என்று சாயங்காலம் பர்ஹானாவும் சொன்னாள். சொல்லிவிட்டு, “இதை நான் யோசிக்கவே இல்லையே” என்று நகத்தைக் கடித்தாள்.

மறுநாள் லூர்துசாமிக்குத் தெரிந்த ஒரு காலமான தபால்காரர் வந்தார். பிரதிகளுக்கென்று இருந்த ஒரு பொது இணையப் பலகையில் எண்ணை அவர் எழுதிவைக்க, ஈரோட்டு நர்ஸ் கோகிலவாணி வந்தார். பவானியிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் தனித்தனியாக வந்து, இன்னொருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும் வாய்க்கால் தகராறை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். இரண்டே வாரத்தில் அறுபத்தோரு பேர். எல்லோரும் ஒட்டுக்காகப் பேசினால் ஒன்றும் புரியவில்லை என்று லூர்துசாமி ஒழுங்குமுறை கொண்டுவந்தார். யார் வந்தாலும் அவர்தான் முதலில் எடுப்பார். பெயர் கேட்பார், விஷயம் கேட்பார், முறை வந்ததும் பேசவிடுவார். வடக்கால தோட்டத்து அன்னூர்க்காரர் ஒருநாள் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டு, “ஏதோ வாத்தியார் எடுத்து நான் எந்த வருசம் செத்தேன்னு கேக்கறாருங்க” என்று துளசிமணியிடம் வந்து நடுங்கினார்.

துளசிமணிக்கு வீடு டீக்கடை மாதிரி ஆகிவிட்டது. காலையில் அரசியல், மத்தியானம் சீட்டுக்கட்டு இல்லாத சீட்டாட்டம், சாயங்காலம் கோகிலவாணியின் பாட்டு. அந்த அம்மாள் பாடி முடித்ததும் சென்னியப்பன் “ஆஹா” என்கிற விதம் துளசிமணிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சகித்துக்கொண்டார். கணவர் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று.

ஜெசிந்தா வந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எங்கப்பாவை என்ன பண்ணினீங்க?”

“உள்ள வாங்க. யாரு உங்கப்பா?”

“லூர்துசாமி. தினம் நாலு தடவை கூப்பிடுவார். பதினோரு நாளா ஒரு போன்கால் இல்ல. மிஷின் ரிப்பேர்னு மறுவீட்டுல கம்ப்ளெய்ன்ட் குடுத்தேன். அப்புறம் நானே திருப்பூர் போய்ப் பார்த்தா, அப்பா என்கிட்ட, ‘கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு வாம்மா’ங்கறார். இந்த அட்ரஸைச் சொன்னார்.”

துளசிமணி தண்ணீர் கொடுத்தார். “கூப்பிட்டா எடுப்பீங்களா கண்ணு?”

ஜெசிந்தா தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாட்டேன்.”

“ஏன்?”

“ஸ்கிரீன்ல அந்த வார்த்தை வரும். மறைந்தவர்னு. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்த மாதிரியே இருக்கும். எடுக்க முடியாது. ஆனா...” அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். “நான் எடுக்கலைன்னாலும் அவர் கூப்பிடுவாரே. அது போதுமா இருந்துச்சு.”

துளசிமணி அலமாரியின் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார். உள்ளே லூர்துசாமி, பலகையில் எழுதும்போது ‘கறுப்பு’க்கு வல்லின றகரம் போடாத தபால்காரரைக் கண்டித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கடிதம் கொடுத்தவருக்கு எழுத்துத் தெரியாவிட்டால் எப்படி என்றார். நான் முகவரிதான் படித்தேன், உள்ளே என்ன எழுதியிருந்தது என்று பிரித்தா படிக்க முடியும் என்றார் தபால்காரர். அறுபத்தோரு பேரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் மேலே லூர்துசாமியின் சிரிப்புக் கேட்டது.

ஜெசிந்தா ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது, “நான் வந்ததை அவர்கிட்டச் சொல்லாதீங்க” என்றாள். படியிறங்கப் போனவள் திரும்பி, “அந்தக் கம்ப்ளெய்ன்ட்... விசாரிக்க இங்க வருவாங்களாம், இனித் திரும்ப வாங்க முடியாதாம். சாரிங்க” என்றாள்.

மறுவீட்டிலிருந்து அருள்பிரகாசம் என்ற அதிகாரி இரண்டு நாளில் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றும்போதே மன்னிப்புக் கேட்டார்.

“எங்களைத் தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த விதி சும்மா போட்டதில்ல. ஒரு ஊர்ல ஒருத்தன் பன்னிரண்டு பிரதிகளைச் சேர்த்து, வாசலைத் திறந்துவிட்டு, புகார் கேக்கற வேலைல உக்கார வெச்சுட்டான். விடாம போன் வரும். எடுத்தே ஆகணும். எழுந்து போகவும் முடியாது, சாகவும் முடியாது. எட்டு மாசம் கழிச்சுத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது. அவங்களைப் பேச வெச்சுக் கேட்டவன் நான். அதுக்கப்புறம் எனக்கு...” 

 “அது பாவந்தானுங்க” என்றார் சென்னியப்பன். “ஆனா இங்க யாரும் வேலை செய்யறதில்லீங்க. சுத்தமா வெட்டிப்பேச்சு.”

“வாசல்ல வர்றது வேலையா வெட்டிப்பேச்சான்னு எங்களால பார்க்க முடியாது சார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அடைச்சிரணும். இல்லைன்னா நிறுத்த வேண்டி வரும்.”

“எதை?” என்றார் துளசிமணி.

அதிகாரி கண்ணால் அலமாரியைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். “அவரை.”

“சத்தமாவே சொல்லுங்க, எனக்குக் கேக்குது” என்றார் சென்னியப்பன்.

அதிகாரி பர்ஹானாவிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எந்தப் பிரதியின் கருவியையும் இனி அவள் கையால் தொடமாட்டாள் என்று அதில் இருந்தது.

நாலு மணியிலிருந்து அறுபத்தோரு பேரும் வரிசையாக விடைபெற்றார்கள். பவானி அண்ணன் தம்பிகள் வாய்க்காலை ஆளுக்குப் பாதி என்று ஒரு வழியாக ஒப்புக்கொண்டார்கள். கோகிலவாணி பாடவில்லை. லூர்துசாமி மட்டும், “வருகைப்பதிவு முடிந்தது, அனைவரும் வந்திருந்தார்கள்” என்றார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சென்னியப்பன் தானே லைனை வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. துளசிமணி மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து கதவைத் திறந்தார். அலமாரி எதுவும் கேட்கவில்லை. வேண்டுமென்றே பாத்திரத்தைக் கீழே போட்டார். அப்போதும் கேட்கவில்லை.

“ஏனுங்க, ஏன் லேட்டுன்னு கேக்க மாட்டீங்களா?”

“லேட்டா? கவனிக்கல துளசி.”

அன்றுதான் துளசிமணிக்குப் பயம் வந்தது. சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர் இவ்வளவு தணிவாகப் பேசினால், அது செத்துப்போவதை விட மோசம் என்று பட்டது.

நாலாம் நாள் ஜெசிந்தா மறுபடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. “அப்பா திரும்பக் கூப்பிட ஆரம்பிச்சுட்டார். நாலு தடவை. நேத்து எடுத்தேன். ‘சாப்பிட்டாயா’ன்னார். சாப்பிட்டேன்னேன். அவ்வளவுதான், ரெண்டு பேருக்கும் வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. அந்தச் சிரிப்பே அவர்கிட்ட இல்ல.” கைப்பையைத் திருகினாள். “எங்க வீட்ல ஒரு வாசல் வெக்க முடியுமா?”

துளசிமணி பர்ஹானாவைப் பார்த்தார். பர்ஹானா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். “நான் கையால தொடமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கறேன்க்கா.” பிறகு கொஞ்சம் யோசித்து, “வாயால பேசமாட்டேன்னு எழுதிக் குடுக்கல” என்றாள்.

மூன்று பெண்களும் சனிக்கிழமை காரில் திருப்பூர் போனார்கள். பூட்டைத் திறந்தபோது வீட்டுக்குள் தூசி வாசனை அடித்தது. மேசைமேல் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. பர்ஹானா தூரத்து நாற்காலியில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே பேசுகிறவள் மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். துளசிமணி தட்டினார். கடைசி வரிக்கு முன்னால் விரலை நிறுத்தினார்.

“சார், ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். தெரிஞ்சா உங்களை நிறுத்திருவாங்க.”

“அம்மா, பூட்டிய வீட்டில் ஒன்றரை ஆண்டு இருந்திருக்கிறேன்” என்றார் லூர்துசாமி. “நிறுத்துவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தட்டுங்கள்.”

ஜெசிந்தா முந்திக்கொண்டு தட்டிவிட்டாள்.

லூர்துசாமி ஒளித்துச் செய்யத் தெரியாத மனிதர். முதல் காரியமாக அருள்பிரகாசத்துக்கே கடிதம் எழுதினார். ‘வாசலில் வருவது வேலையா வீண்பேச்சா என்று பார்க்க முடியாது என்றீர்களாம். வந்து கேட்கலாமே. தங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியுள்ளேன். வேலை வாங்க வருபவர்கள் இங்கே அனுமதிக்கப்படமாட்டார்கள்.’ அதிகாரி கடுங்கோபத்தோடு ஒரு மத்தியானம் அழைத்தார். சாயங்காலம் வரை வைக்கவில்லை. ‘ஆய்வு தொடர்கிறது, முடியும்வரை நடவடிக்கை இல்லை’ என்று கோப்பில் எழுதினார். அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆய்வு செய்கிறார். கோகிலவாணி பாடும் நேரமாகப் பார்த்துத்தான் செய்கிறார் என்று பவானி அண்ணன் தம்பிகள் சொல்கிறார்கள். வாய்க்காலுக்கு அப்புறம் அவர்கள் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அது.

சென்னியப்பன் இப்போது காலையில் எழுந்ததும், அதாவது துளசிமணி எழுந்ததும், வெளியே கிளம்பிவிடுகிறார். லூர்துசாமியின் வீட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார். பின்னால் மிக்ஸி சத்தம், ஹாரன் சத்தம் கேட்கக்கூடாது என்பது அங்கே விதி. அதனால் போகும்போது வீட்டு மைக்கை அணைத்துவிட்டுப் போகிறார். துளசிமணி வேண்டிக்கொண்ட அமைதி முழுசாக வந்து சேர்ந்தது. முதல் வாரம் அதை ரசித்தார். இரண்டாவது வாரம் டிவியைச் சத்தமாக வைத்தார். மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு, போனை எடுத்துத் திருப்பூர் எண்ணைப் போட்டார்.

“வணக்கம். யார் பேசுவது? என்ன விஷயமாக?”

“சென்னியப்பன் சம்சாரங்க.”

“காலமானது எந்த ஆண்டு?”

“இன்னும் இல்லீங்க சார். நான்தான், துளசிமணி.”

“அம்மா! மன்னிக்க வேண்டும். உயிரோடிருப்பவர்கள் அழைப்பது அரிது. உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். காத்திருங்கள்.”

துளசிமணி காத்திருந்தார். தபால்காரர் ஒரு கதையை முடித்தார். யாரோ ஒருவர் மழையைப் பற்றிச் சந்தேகம் கேட்டார். கடைசியில் சென்னியப்பனின் குரல் வந்தது.

“துளசியா? வீட்லதான இருக்கற? எதுக்குப் போன் பண்ற?”

“நான் வீட்லதான் இருக்கறேன். நீங்கதான் இல்ல.”

 அறுபத்தோரு பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சுவிட அவர்களுக்குத் தேவையும் இல்லை.

“சரி, சொல்லு” என்றார் சென்னியப்பன்.

“இத்தனை பேரை வெச்சுட்டு என்னத்தைச் சொல்றது? எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க.”

மைதானத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லும் அதே குரல். ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு மழைத்துளி மாதிரி சேர்ந்தாற்போல் பல சத்தங்கள். கோகிலவாணி மட்டும் சிரித்துக்கொண்டே, “வர்றேன் அக்கா” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

“அம்மா, இது என் வீடு. நான் எங்கே போவது?”

“காதைப் பொத்திக்குங்க சார்.”

“எனக்குக் காது இல்லையே.”

“அப்ப கம்முனு இருங்க.”

“ஆகட்டும்” என்றார் தலைமை ஆசிரியர்.

துளசிமணி நாற்காலியை அலமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தவரிடம், போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அன்று காலை மைதானத்தில் ஒரு வங்கி மேனேஜர் அம்மாள் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரைத் திருகி இளநீர்க்காரரை மரத்தில் ஏற்றிவிட்ட கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். சென்னியப்பன் ‘ம்’ கொட்டினார். அப்புறம், அப்புறம் என்று கேட்டார். ஒரு மணி நேரம் போனது.

நடுவில் ஒரே ஒரு தடவை தலைமை ஆசிரியர் சிரித்துவிட்டார். இருவரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.